சத்தமில்லாமல் வந்த சீர்

கோம்பையில் வேல்பாண்டியின் சவுண்ட் சர்வீஸைத் தெரியாதவர் கிடையாது. கல்யாணமோ, திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, அவனுடைய கறுப்புப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டால் பக்கத்துத் தெரு அடுக்களையில் பாத்திரம் அதிரும். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. 'உத்தமபாளையத்தில் நீ போட்ட பாட்டு எங்க தோட்டத்துக்குக் கேட்டுச்சுப்பா' என்று யாராவது சொன்னால், அது சாத்தியமே இல்லை என்று தெரிந்தும் மறுக்க மாட்டான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த ஒரே மருமகள், சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறவள்.

தங்கை மகாலட்சுமியை மார்க்கையன்கோட்டையில் சுந்தரலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நெல்வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். அவர்களுடைய ஒரே பெண் ஓவியா. ஆறு வயது. குக்கர் விசில் அடிக்கும் முன்பே கொல்லைப்பக்கம் ஓடிவிடுவாள். தலைசீவ சீப்பை எடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறுவாள். சாயம்போன ஒரு பருத்திக் கவுனைத் தவிர வேறெதையும் உடம்பில் தங்கவிட மாட்டாள். கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் சின்னத் துணிப்பட்டைகூட அவளுக்கு முள்ளாகக் குத்தும். போகிறபோக்கில் யாராவது லேசாக உரசினால் துள்ளி விலகுவாள். அதே பிள்ளை, கொதிக்கிற சித்திரை வெயிலில் கனத்த ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு சுகமாகப் படுத்திருப்பாள்.

"செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காக," என்றார்கள் சொந்தக்காரர்கள். வேல்பாண்டியும் அப்படித்தான் நினைத்தான். பாடுகிற பொம்மை, கூவுகிற ரயில் என்று எதை வாங்கிக்கொண்டு போனாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். 'பிள்ளைக்குத் தாய்மாமனைக் கண்டாலே ஆகலை' என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். திரும்பி வருகிற வழியெல்லாம் நெஞ்சு கனக்கும்.

காதுகுத்துதான் பெரிய பிரச்சினையாக நின்றது. ஓவியாவுக்கு மூன்று வயதானபோது கோயிலில் வைத்து ஒருமுறை முயன்றார்கள். மேளம் முழங்க, நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, பிள்ளை மூச்சடைத்து நீலம் பாரித்தது. ஊசி காதைத் தொடும் முன்னே மகாலட்சுமி பாய்ந்து மகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது மகாலட்சுமியின் மாமனார் மலைச்சாமி, வைகாசியில் ஒரு நாளைக் குறித்துவிட்டார். "பள்ளிக்கூடம் போற பிள்ளை மூளிக்காதோட திரியுது. இந்தத் தடவை விட முடியாது," என்று சொல்லிவிட்டார். சேதி கேட்டதும் வேல்பாண்டிக்கு உற்சாகம் பொங்கியது. இதுவரை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கேட்டிராத செட்டைக் கொண்டுவந்து இறக்கிவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்த வாரத்தில்தான் சுந்தரலிங்கம் போன் செய்தான். "மச்சான், வயல்ல அறுப்பு மிஷின் வந்து நிக்குது. ஓவியாவைத் தேனிக்குத் தெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

"தெரபியா? பிள்ளைக்கு என்ன மாப்ள?"

"மகாவைக் கேளுங்க. அவதான் நாலு மாசமாக் கூட்டிட்டுப் போறா. எனக்கு விளங்கச் சொல்லத் தெரியலை."

தேனிக்குப் போகிற வழியில், வேல்பாண்டி ஓட்டிய வண்டியை ஒரு பேருந்து காற்று ஹாரனை அலறவிட்டுக் கடந்தது. ஓவியா அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்து நடுங்கினாள்.

"அட, ஒரு ஹாரனுக்கா இந்தப் பாடு?" என்று சிரித்தான் வேல்பாண்டி. மகாலட்சுமி மகளின் முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தேனியில் தெரபி அறையில் ஊசி மருந்து எதுவும் இல்லை. தரையெல்லாம் மெத்தை. உத்தரத்திலிருந்து தொங்கும் துணி ஊஞ்சல். தெரபிஸ்ட் பெயர் பிரின்சி. குமுளிப் பக்கத்து மலையாளப் பெண். "வா மோளே," என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். ஓவியா தானாகப் போய் மெத்தையில் குப்புறப் படுத்தாள். பிரின்சி ஒரு பெரிய திண்டை அவள் முதுகின்மேல் வைத்து, இரண்டு கையாலும் நன்றாக அழுத்தினாள்.

"இன்னும் அமுக்கு," என்றாள் ஓவியா, கண்ணை மூடிக்கொண்டு.

வேல்பாண்டி வாயைப் பிளந்துவிட்டான். விரல் பட்டாலே அலறுகிற பிள்ளையா இது?

"இது என்ன வியாதிம்மா?" என்று கேட்டான், ஓவியா ஊஞ்சலுக்குப் போன பிறகு.

"வியாதி இல்லண்ணா," என்றாள் பிரின்சி. "நீங்க போட்டிருக்கிற சட்டைக் காலர் கழுத்துல படுது. நான் சொல்றதுக்கு முன்னாடி அந்த நினைப்பு உங்களுக்கு இருந்துச்சா?"

அவன் தன்னையறியாமல் காலரைத் தொட்டுப் பார்த்தான். "இல்லையே."

"நமக்குத் தேவையில்லாததை மூளை தானா ஒதுக்கி வச்சிரும். ஓவியாவுக்கு ஒதுக்காது. காலர் படுறதும், ஃபேன் சத்தமும், பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசமும், ரோட்டு ஹாரனும் எல்லாம் ஒண்ணா, முழு வேகத்துல உள்ள வந்துக்கிட்டே இருக்கும். நாள் பூரா. லேசாத் தொட்டா அவளுக்கு எரியும். அழுத்திப் புடிச்சா அடங்கும். அவ வம்பு பண்ணலை. தாங்க முடியாம ஓடுறா."

வேல்பாண்டி மெதுவாகக் கேட்டான். "மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால கொண்டு போனா கூன்னு கத்தும். அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். கத்துனா நீங்க என்ன செய்வீங்க?"

"லெவலைக் குறைப்பேன்."

"மைக்கைத் திட்ட மாட்டீங்கல்ல?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோனது. ஊஞ்சலில் ஓவியா கண்மூடி ஆடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

"இது சரியாப் போயிருமா?"

"இது அவளோட சுபாவம்ணா. வளர வளரச் சமாளிக்கக் கத்துக்குவா. நாம செய்ய வேண்டியது ரெண்டு. என்ன நடக்கப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்லணும். எப்பன்னு முடிவு பண்றதை முடிஞ்ச மட்டும் அவ கையில விடணும்."

திரும்பி வரும்போது அவன் ஹாரனைத் தொடவே இல்லை. சின்னமனூர் தாண்டி ஆட்டுக்கூட்டம் ஒன்று சாலையை அடைத்தது. வண்டியை நிறுத்தி, இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகளைக் கையாலேயே ஒதுக்கிவிட்டு வந்தான். பின்சீட்டில் மகாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவன் கண்ணாடியில் பார்த்தான்.

மலைச்சாமி வீட்டுக் கூடத்தில் அன்றைக்கே பேச்சை எடுத்தான். "மாமா, காதுகுத்துக்கு ஸ்பீக்கர் வேண்டாம். மேளம் வேண்டாம். வெடியும் வேண்டாம்."

மலைச்சாமி காது கேட்காதவர் போல அவனைப் பார்த்தார். "என்னய்யா சொல்ற? அப்ப சீர் எப்பிடி வரும்?"

"நடந்து வரும் மாமா."

"வேலு, இழவு வீட்டுக்கே நீ செட்டு போடுறவன். சொந்த மருமக விசேஷத்தை மூச்சுக் காட்டாம நடத்தினா ஊரு என்ன சொல்லும்? தாய்மாமனுக்கும் எங்களுக்கும் சண்டைம்பாக."

அடுக்களை வாசலில் நின்றிருந்த மகாலட்சுமி முன்னால் வந்தாள். மாமனாருக்கு எதிரே அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. ஆனால் நடுங்கவுமில்லை.

"ஊரு ஒரு நாள் பேசும் மாமா. அப்புறம் அடுத்த கதைக்குப் போயிரும். போன தடவை நாலு பேரு அமுக்கிப் புடிச்சாகளே, அதுக்கப்புறம் எம்பிள்ளை தூக்கத்துல ஏந்திரிச்சு உக்காந்து காதைப் பொத்திக்கிட்டா. நான்தான் கூட முழிச்சிருந்தேன். இனிமே அவ மேல அப்பிடி யாரும் கை வைக்க நான் விட மாட்டேன்."

சுந்தரலிங்கம் எழுந்து மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். "அவ சொல்றது சரிதாப்பா."

மலைச்சாமி நெடுநேரம் தாடையைத் தடவினார். "சரி, சத்தம் வேண்டாம். ஆனா காது குத்தியாகணும்."

"ஓவியா சரின்னு சொன்னா குத்துவோம்," என்றான் வேல்பாண்டி.

"சொல்லலைன்னா?"

"சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

அதன் பிறகு அவன் அடிக்கடி மார்க்கையன்கோட்டைக்கு வந்தான். டீசல் வாடை வீசும் சட்டையை மாற்றிவிட்டு வருவான். அவளைக் கூப்பிட மாட்டான், தொட மாட்டான். முற்றத்தில் உட்கார்ந்து தங்கையோடு தணிந்த குரலில் பேசிவிட்டுப் போய்விடுவான். ஒருநாள் சவுண்ட் மிக்சரோடு மாட்டிக் கேட்கும் தடித்த ஹெட்போனைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தான். ஓவியா வந்தாள். எடுத்துப் புரட்டினாள். தலையில் மாட்டினாள். ஒயர் எதிலும் சேராமல் தொங்கியது. அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கா?" என்றான் அவன்.

"மாமா, நீ வாயை மட்டும் அசைக்கிற!" என்று கத்தினாள் அவள். அவளாக அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

ஜமுக்காளத்தில் அவளை வைத்துச் சுருட்டி இறுக்குவதற்குப் பழகிக்கொண்டான். "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு," என்பாள். ஒருநாள், ஆள் இல்லாத மத்தியான வேளையில், அவனும் மகாலட்சுமியும் ஓவியாவுமாகப் பத்தர் கடைக்குப் போனார்கள். நகை செய்கிற அந்த மனிதர் ஊசியை அவள் கையிலேயே கொடுத்தார். வாழைத்தண்டுத் துண்டு ஒன்றில் குத்திக் காட்டினார்.

"சத்தம் வருமா?" என்று கேட்டாள்.

"வராது ஆத்தா."

"வலிக்குமா?"

பத்தர் என்ன சொல்வதென்று தெரியாமல் வேல்பாண்டியைப் பார்த்தார். "வலிக்கும்," என்றான் அவன். "டாக்டர் ஒரு களிம்பு குடுத்திருக்காக. அதைத் தடவுனா கொஞ்சம் மரத்துப்போகும். அப்பவும் சுருக்குன்னு இருக்கும். உடனே முடிஞ்சிரும்."

"நான் சொன்னப்புறம்தான் குத்தணும்."

"நீ சொன்னப்புறம்தான்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் ஓவியா. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. காதைக் குத்த வேண்டுமானால் ஹெட்போனைத் தூக்க வேண்டும். குத்திய காதின் மேல் மறுபடி அதை வைத்து அழுத்தவும் முடியாது. ஆகவே இரண்டாவது காது முடியும் வரை அவள் இரண்டு காதையும் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் தோப்பே அமைதியாக இருந்தாக வேண்டும். வேல்பாண்டி தன் பக்கத்துச் சொந்தம் ஒவ்வொருவருக்கும் தானே சொன்னான். "போனை அமத்திருங்க. குலவை போட வேண்டாம். கை தட்ட வேண்டாம்." சிலர் சரி என்றார்கள். சிலர் அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

மண்டபம் வேண்டாம் என்று, வாய்க்காலோரம் மலைச்சாமியின் தென்னந்தோப்பிலேயே பந்தல் போட்டார்கள். சீர் வந்தபோது தோப்பில் கூடியிருந்தவர்களுக்கு முதலில் என்னவோ போலிருந்தது. தட்டுத் தட்டாகப் பழமும் பட்டும் வெல்லமும் ஏந்திக்கொண்டு வரப்பு வழியே ஒரு கூட்டம் பேசாமல் வருகிறது. யாரோ ஒரு பெண் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தாள். ஆனால் கொஞ்ச தூரம் வந்ததும் கொலுசுச் சத்தம் கேட்டது. சேலைகள் உரசும் சத்தம் கேட்டது. வாய்க்கால் தண்ணீர் ஓடுவது கேட்டது. சிரித்தவளும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பந்தலில், சாயம்போன அதே பருத்திக் கவுனில், ஹெட்போன் மாட்டிய ஓவியா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பட்டுப்பாவாடை மடிப்புக் கலையாமல் தாம்பாளத்தில் இருந்தது.

அப்போதுதான் சாலைப் பக்கமிருந்து அந்த வேன் வந்தது.

வேல்பாண்டியின் சித்தப்பா மகன் ராஜபாண்டி வெளியூரில் வேலை பார்க்கிறவன். நேராகத் தேனியில் ரயிலிறங்கி வந்திருந்தான். வருவான் என்று எதிர்பார்க்காததால் அவனிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அண்ணனைத் திகைக்க வைக்க வேண்டும் என்று தன் செலவில் ஒரு மேளக் குழுவையே கூட்டி வந்துவிட்டான். வேல்பாண்டி கையை ஆட்டிக்கொண்டு ஓடினான். அவன் போய்ச் சேரும் முன்னே, வேனிலிருந்து குதித்த ஒருவன் தவிலில் ஓங்கி ஓர் அடி போட்டான்.

திரும்பிப் பார்த்தபோது ஓவியாவைக் காணவில்லை.

பந்தி மேசையின் விரிப்பு ஆடிக்கொண்டிருந்தது. வேல்பாண்டி பட்டு வேட்டியோடு மண்ணில் தவழ்ந்து அதற்குள்ளே போனான். அவள் முழங்காலில் முகத்தை வைத்துச் சுருண்டிருந்தாள். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கைகளை விரித்துவைத்தான். அவளாக நகர்ந்து வந்து முதுகை அவன் மார்பில் சாய்த்தாள். அவன் இறுக்கிக்கொண்டான்.

வெளியே மலைச்சாமியின் குரல் கேட்டது. மேளக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். எப்போதும் வயலின் அடுத்த கரைக்குக் கேட்கப் பேசுகிற மனிதர், கோயிலுக்குள் பேசுவதுபோலப் பேசினார்.

"உங்க மேல குத்தமில்லய்யா. எம்பேத்திக்குச் சத்தம் தாங்காது. இன்னைக்கு அடிக்க வேண்டாம். மேளத்தை வச்சிட்டு இங்கன வந்து உக்காருங்க. மொதப் பந்தியில சாப்பிட்டுத்தான் போகணும்."

"மாமா, நல்ல நேரம் முடியப்போகுது," என்றது யாரோ ஒருவரின் குரல்.

"போனாப் போகுது. எம்பேத்தி வர்ற நேரம் எனக்கு நல்ல நேரந்தான்."

மேசைக்கு அடியில் வேல்பாண்டி ஓவியாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ஓவியா கேட்டாள். "யாரு அடிச்சாக?"

"ராஜபாண்டி மாமா கூட்டியாந்த ஆளுக. அவுகளுக்கு விஷயம் தெரியாது."

"இன்னும் அடிப்பாகளா?"

"தாத்தா போயி நிறுத்திட்டாக. வீட்டுக்குப் போலாமா ஆத்தா? இன்னைக்குக் குத்தாட்டியும் ஒண்ணுமில்ல."

அவள் யோசித்தாள். அவளுடைய மூச்சு மெல்ல மெல்லச் சீராவதை அவன் நெஞ்சில் உணர்ந்தான். திடீரென்று அவள் அவன் கைகளை விலக்கிவிட்டு, மேசையின் மறுபக்கமாக வெளியே போனாள். அவன் பதறிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்து பார்த்தால், மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"மாமா, சீக்கிரம் வா. மடி வேணும்."

மண்ணும் சருகும் ஒட்டிய வேட்டியோடு தாய்மாமன் போய் மணையில் உட்கார்ந்தான். ஓவியா அவன் மடியில் ஏறி, அவனுடைய இரண்டு கைகளையும் இழுத்துத் தன் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டாள். மகாலட்சுமி ஹெட்போனின் விளிம்பைத் தூக்கிக் களிம்பைத் தடவி, மரத்துப்போகும் வரை காத்திருந்தாள். தோப்பில் யாரும் இருமக்கூட இல்லை. ஓவியா ஹெட்போனைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். யாராவது எடுத்துச் சொல்லித்தான் கழற்ற வேண்டியிருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் தானாகவே கழற்றிவிட்டாள்.

பத்தர் ஊசியோடு காத்திருந்தார். ஓவியா கண்ணை மூடினாள். தென்னங்கீற்று அசைந்தது. எங்கோ ஒரு மைனா கத்தியது. ஊரே அந்தச் சின்ன வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப."

அவள் உடம்பு விலுக்கென்று ஒருமுறை குலுங்கியது. அவன் கைமேல் அவள் நகம் பதிந்தது. கண்ணோரம் ஒரு துளி நீர். அவ்வளவுதான். பத்தர் மறுபக்கம் வந்து நின்றார். அவள் ஆழ மூச்சிழுத்துக்கொண்டாள். இந்த முறை அதிக நேரம் எடுத்தாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப."

முடிந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் நெருக்கியடித்து நின்ற அத்தனை முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"குத்தியாச்சு," என்றாள்.

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குலவை தொண்டை வரை வந்து நின்றது. தட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. பந்தலோரம் உட்கார்ந்திருந்த தவில்காரர்தான் முதலில் எழுந்தார். கையிலிருந்த குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்தி, காற்றிலே ஒரு முழக்கு முழக்கினார். அவருடைய ஆட்களும் எழுந்து வெறுங்காற்றை வெளுத்து வாங்கினார்கள். ராஜபாண்டி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். பிறகு பெண்கள், பிறகு எல்லாரும். தோப்பு முழுக்கக் கைகள் உயர்ந்து வளையலும் மோதிரமுமாக அசைந்தன. ஓவியா அதைப் பார்த்து முதலில் திகைத்தாள். அப்புறம் சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்க, மாமன் மடியில் சரிந்து விழுந்து சிரித்தாள்.

மலைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயிலு," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். அவர் நின்றதோ நல்ல நிழலில்.

பந்தி நடந்தபோது, கோம்பையிலிருந்து சீரோடு வந்திருந்த ஒரு பெண் மகாலட்சுமியைத் தனியே ஒதுக்கி அழைத்தாள். "எங்க சின்னவனும் இப்பிடித்தான்க்கா. மிக்சி போட்டா சுவத்துல முட்டிக்கிறான். பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கோம். தேனியில அந்தத் தெரபி எங்கன இருக்கு?"

மகாலட்சுமி வழி சொல்ல ஆரம்பித்தாள். சோற்று வாளியோடு அந்தப் பக்கம் வந்த வேல்பாண்டி நின்று கேட்டான். "அட்ரஸெல்லாம் எதுக்கு மகா? வெள்ளிக்கிழமை ஓவியாவைக் கூட்டிட்டுப் போறப்ப அவுகளையும் வண்டியில ஏத்திக்குவோம்."

ஓவியா வெறும் சோற்றையும் நாலைந்து அப்பளங்களையும் தின்றுவிட்டு எழுந்துவிட்டாள். முடியை இரண்டு கையாலும் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தியில் இலை இலையாக நின்று ஒவ்வொருவருக்கும் காதைக் காட்டினாள். சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு அவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பாசத்தில் ஒரு மூதாட்டி விரலை நீட்டினாள். ஓவியா ஓரடி பின்வாங்கினாள், ஆனால் ஓடவில்லை.

"தொடக்கூடாது," என்றாள், தெளிவாக. "நல்லாப் பாத்துக்கங்க."

மூதாட்டி கையை மடக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். ஓவியா அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.